முதல் ஆறு மாதம் ஓரத்துக்கு

(காட்சித் தொடர்பியல் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விஎஃப்எக்ஸ் என்னும் காட்சி விளைவு வேலையைக் கற்க ஆசைப்படுகிறவர்கள் எந்த ஊரில் என்னைப் பார்த்தாலும், "எந்த சாப்ட்வேர்ல ஆரம்பிக்கலாம் சார்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இரண்டே நிமிடத்தில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியும்கூட; கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். அந்த சாப்ட்வேரைத் திறந்த பிறகு முதல் ஆறு மாதம் எதன்மேல் கண் வைப்பது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஓரத்தின்மேல் வையுங்கள் என்பேன். ஓர் உருவம் முடிந்து அதன் பின்னணி தொடங்குகிற அந்த இரண்டு மூன்று பிக்சல் அகலத்தின்மேல். வெடிப்பு, புகை, பறக்கும் கார் எல்லாம் பின்னால் வரட்டும். ஓரம் கைவந்தவருக்கு மற்றவை ஒவ்வொன்றாகப் பிடிபடும். ஓரம் பிடிபடாதவர் எத்தனை ஆண்டு பழகினாலும், "ஏதோ ஒட்டவில்லையே" என்று டிக்கெட் வாங்கிப் பார்க்க வந்தவர் சொல்லிவிடுவார். என்ன ஒட்டவில்லை என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

கம்பாசிட்டிங் என்பது தனித்தனியாக எடுத்த படங்களை, ஒரே கேமரா ஒரே நேரத்தில் எடுத்தது போலச் சேர்ப்பது. கம்ப்யூட்டருக்கு வெகுகாலம் முன்பே இந்த வேலை நடந்திருக்கிறது. 1898இல் பிரான்ஸில் ஜார்ஜ் மெலியஸ் தன் தலையைத் தானே கழற்றி மேசைமேல் வைப்பதாக ஒரு சிறு படம் எடுத்தார். பின்னணி கறுப்பு. கறுப்பு விழுந்த இடத்தில் ஃபிலிமில் எதுவும் பதிவாகாது. அதனால் ஃபிலிமைப் பின்னால் சுற்றி, அந்த வெற்றிடத்தில் இன்னொரு தலையை எடுக்கலாம். நம் ஊர் இரட்டை வேடப் படங்களும் இந்த வழியில் வந்தவைதான். 1940இல் வந்த 'உத்தம புத்திர'னில் பி.யு.சின்னப்பா இரண்டு பேராக நின்றார். லென்ஸின் ஒரு பாதியை மறைத்து ஒரு வேடத்தை எடுப்பது, ஃபிலிமைப் பின்னால் ஓட்டி, மறு பாதியை மறைத்து அடுத்த வேடத்தை எடுப்பது: மாஸ்க் ஷாட்டின் முறை இவ்வளவுதான். வடபழனி விஜயா-வாஹினியில் உருவான 'மாயா பஜார்' 1957இல் வந்தது. ஒளிப்பதிவு மார்க்கஸ் பார்ட்லி. கடோத்கசன் முன் லட்டுகள் தாமே எழும்பி வாய்க்குள் போவதை இன்றைக்குப் பார்க்கும் குழந்தையும் கைதட்டிச் சிரிக்கிறது.

அந்தக் காலத்து ஒளிப்பதிவாளர்கள் மாஸ்க் ஷாட்டுக்குச் சில கட்டுப்பாடுகள் வைத்திருந்தார்கள். இரண்டு முறை எடுக்கும் இடைவெளியில் கேமரா மயிரிழையும் அசையக் கூடாது. வெளிச்சம் மாறக் கூடாது. நடிகரின் கையோ நிழலோ நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. இன்று கேமரா அசையலாம், கை கோட்டைத் தாண்டலாம். அந்தக் கட்டுப்பாடுகள் எதைக் காப்பாற்றினவோ அதைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு மட்டும் நீங்கவில்லை. டிராக்கிங், கலர் மேட்ச், ரோட்டோ என்று பெயர் வாங்கிக்கொண்டு அது உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்பு தாண்டாது.

ஒரு டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் இருக்கும். 1970களின் இறுதியில் நியூயார்க்கில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்தார்கள். அதுதான் ஆல்ஃபா. அந்த பிக்சலை உருவம் எவ்வளவு மறைக்கிறது என்பதை அது சொல்லும். முழுக்க மறைத்தால் 1, மறைக்கவே இல்லை என்றால் 0, ஓரத்தில் பாதி மறைத்தால் 0.5. 1984இல் லூகாஸ் ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் இதை வைத்துப் படங்களைச் சேர்க்கும் விதிகளை ஒரு கட்டுரையில் முறைப்படுத்தினார்கள். இந்த நால்வருக்கும் 1996இல் ஆஸ்கர் அகாடமி தொழில்நுட்ப விருது தந்தது. நீங்கள் எந்த சாப்ட்வேரில் படங்களைச் சேர்க்கும் சாதாரண மெர்ஜ் போட்டாலும் அடியில் ஓடுவது அவர்கள் எழுதிய விதிதான்: ஆல்ஃபாவால் ஏற்கெனவே பெருக்கி வைத்த முன்படத்தோடு, ஒன்றிலிருந்து ஆல்ஃபாவைக் கழித்து அதனால் பெருக்கிய பின்படத்தைக் கூட்டு.

போர்டில் எழுதிப் பார்ப்போம். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். சட்டையின் வெண்மை 0.8. அவருக்குப் பின்னால் வெள்ளைச் சுவர், அதுவும் 0.8. சட்டை ஓரத்தில் ஒரு பிக்சலுக்கு ஆல்ஃபா 0.5. 0.8ஐ 0.5ஆல் பெருக்கினால் 0.4. சுவரின் பங்கு 0.5 பெருக்கல் 0.8, அதுவும் 0.4. இரண்டும் சேர்ந்து 0.8. ஓரம் கண்ணுக்கே தெரியாது. மிகச் சரி. இப்போது தெரியாத்தனமாக இன்னொரு முறை ஆல்ஃபாவால் பெருக்கிவிட்டீர்கள். 0.4 என்பது 0.2 ஆகிவிட்டது. சுவரின் 0.4ஐச் சேர்த்தால் 0.6. சுற்றிலும் 0.8 இருக்க, ஓரத்தில் மட்டும் 0.6. அதுதான் தொடக்கக்காரர்களின் ஷாட்டில் உருவத்தைச் சுற்றி ஓடும் கரிக்கோடு. அதை மறைக்க மாஸ்க்கை உள்ளே தள்ளுகிறார்கள், ஓரத்தை பிளர் செய்கிறார்கள், முடியைச் சாப்பிட்டுவிடுகிறார்கள். ஆனால் நோய் வேறு இடத்தில், ஒரு பெருக்கலில் இருக்கிறது. ஆல்ஃபாவால் பெருக்கும் ப்ரீமல்ட், அந்தப் பெருக்கலை நீக்கும் அன்ப்ரீமல்ட் என்ற இரண்டு கருவிகளும் எதற்கு என்பதை முதல் வாரத்திலேயே தாளில் எழுதிப் புரிந்துகொண்டவர், பல மாத வீண் உழைப்பைத் தவிர்த்துவிடுவார். கலர் திருத்தம் செய்ய வேண்டுமானால் பெருக்கலை முதலில் நீக்குங்கள், திருத்துங்கள், மறுபடி பெருக்குங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

சாப்ட்வேருக்கு வருகிறேன். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 1993இல் வந்தது. படங்களை அடுக்கடுக்காக வைத்து வேலை செய்வது. டைட்டில், விளம்பரம், மோஷன் கிராபிக்ஸ் வேலைக்கு அதை அடித்துக்கொள்ள முடியாது. நியூக் என்ற சாப்ட்வேரை டிஜிட்டல் டொமெய்ன் என்ற ஹாலிவுட் நிறுவனம் தன் சொந்த உபயோகத்துக்காக எழுதிக்கொண்டது. 2007இல் லண்டனின் ஃபவுண்ட்ரி நிறுவனத்துக்குக் கைமாறியது. இன்று பெரிய சினிமா ஸ்டுடியோக்களின் கம்பாசிட்டிங் மேசைகளில் பெரும்பாலும் அதுதான். ஃப்யூஷன் என்ற இன்னொரு கம்பாசிட்டிங் சாப்ட்வேரை 2014இல் பிளாக்மேஜிக் நிறுவனம் வாங்கியது. 2018 முதல் அந்த நிறுவனத்தின் எடிட்டிங் சாப்ட்வேரான டாவின்சி ரிசால்வுக்குள்ளேயே அது இருக்கிறது. ரிசால்வின் இலவசப் பதிப்பிலும் கிடைக்கிறது. நியூக்கிலும் வணிகத்துக்கு அல்லாத இலவசப் பதிப்பு உண்டு. 1920க்கு 1080 அளவுக்கு மேல் படம் வெளியே எடுக்க விடாது, கற்றுக்கொள்ள அது தாராளம். நியூக், ஃப்யூஷன் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இரண்டும் நோடு முறை. ஒவ்வொரு செயலும் ஒரு பெட்டி, பெட்டிக்குப் பெட்டி ஒரு கம்பி. எந்தப் பெட்டியிலும் வியூவரை மாட்டி, அதுவரை படம் என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்கலாம். தவறு எந்தப் பெட்டியில் நுழைந்தது என்பது கண்ணெதிரே தெரிகிற வசதி, கற்பவருக்கு வேறு எதைவிடவும் பெரியது. ஃப்யூஷனில் மெர்ஜ் பெட்டியின் மஞ்சள் முனையில் பின்படம், பச்சை முனையில் முன்படம், நீல முனையில் மாஸ்க். நியூக்கில் 'பி' கம்பி பின்படத்துக்கு, 'ஏ' கம்பி முன்படத்துக்கு. ஒன்றைக் கற்றவருக்கு இன்னொன்று சில வாரங்களில் பழகிவிடும்.

கம்ப்யூட்டருக்கு 16 ஜிபி ராம் இருந்தால் நிம்மதி. 8 ஜிபிதான் இருக்கிறதா? படத்தின் அளவைப் பாதியாக்கி வைத்துக்கொண்டு பழகுங்கள். பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோரே, இந்தப் படிப்புக்காக முதல் நாளே கடன் வாங்கிப் புது மெஷின் வாங்கித் தர வேண்டியதில்லை.

வீட்டில் பழகுகிறவர்கள் தடுக்கி விழுகிற ஓர் இடத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மொட்டை மாடியில் பச்சைத் துணி கட்டி, செல்போனில் எடுத்து, அதைக் கீ செய்ய, அதாவது பச்சையை நீக்கி ஆளை மட்டும் பிரித்தெடுக்கப் பார்க்கிறார்கள். ஓரம் முழுக்க படிக்கட்டு படிக்கட்டாக வருகிறது. தனக்குக் கைவரவில்லை என்று மனமொடிந்து போகிறார்கள். கையில் குற்றமில்லை. பெரும்பாலான செல்போன்கள் சாதாரண முறையில் பதிவு செய்யும்போது, வெளிச்சத்தை 1920க்கு 1080 என முழு அளவில் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் 960க்கு 540 ஆகக் குறைத்துவிடும். கோப்பு சின்னதாக வேண்டும் என்பதற்காகச் செய்வது. பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் பச்சையை வைத்துத்தான் கீ செய்கிறோம்; அந்தப் பச்சையிலேயே கால்பங்கு தகவல்தான் மிச்சமிருக்கிறது. ஆகவே பழகுவதற்கு நல்ல கேமராவில் எடுத்த பிளேட்டுகளை, அதாவது மூலக் காட்சிகளைத் தேடுங்கள். பிளெண்டர் என்ற இலவச 3டி சாப்ட்வேரை வளர்க்கும் அமைப்பு 2012இல் ஆம்ஸ்டர்டாமில் 'டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்' என்றொரு குறும்படம் எடுத்தது. பச்சைத் திரை முன் எடுத்த அதன் அசல் ஃபிரேம்களையே உலகுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டது. பெயர் குறிப்பிட்டால் போதும், எடுத்துப் பயன்படுத்தலாம். வெளியூர் மாணவர் ஒருவருக்கு ஹாலிவுட் தரத்தில் ஒரு பிளேட் கிடைப்பது என் இளமைக் காலத்தில் நினைத்துப் பார்க்கவே முடியாத வாய்ப்பு. தயவுசெய்து பயன்படுத்துங்கள்.

இனி ரோட்டோ. கேட்டவுடன் சிலர் முகம் சுளிப்பது மேடையிலிருந்து தெரிகிறது. உருவத்தைச் சுற்றி ஃபிரேம் ஃபிரேமாகக் கோடு வரையும் வேலை. 1915இல் மேக்ஸ் ஃபிளைஷர் இதற்கான கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கார்ட்டூன் பாத்திரம் மனிதனைப் போல நடக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். இன்றைக்கு ஸ்டுடியோவில் புதிதாகச் சேருகிறவரிடம் முதலில் ஒப்படைக்கப்படுவது பெரும்பாலும் இதுதான். அதனால் இதைக் கடைநிலை வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். நான் மாறாக நினைக்கிறேன். ஓரம் என்றால் என்ன என்பதை ரோட்டோவைப் போலக் கற்றுக்கொடுக்கும் ஆசான் வேறு கிடையாது.

நான்கு விநாடி ஷாட் ஒன்று எடுங்கள். 24 ஃபிரேம் வேகத்தில் 96 ஃபிரேம். ஒருவர் கையசைத்துக்கொண்டு நடந்து வருகிறார். ஆளை முழுசாக ஒரே கோட்டில் வளைக்கப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. இரண்டாவது அடியிலேயே கோடு கிழிந்து நார்நாராகிவிடும். தலை தனி, கழுத்து தனி, உடல் தனி. தோளிலிருந்து முழங்கை வரை ஒன்று, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒன்று, உள்ளங்கை ஒன்று, விரல் ஒவ்வொன்றும் ஒன்று. ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கட்டும். உடம்பில் எலும்பு எங்கே மடங்குகிறதோ அங்கேதான் வடிவமும் பிரிய வேண்டும். புள்ளிகளைக் குறைத்து வையுங்கள். ஒரு வளைவை நான்கு புள்ளியில் பிடிக்க முடியுமானால் ஐந்தாவது புள்ளி வேண்டாம், அது பின்னால் நடுங்கும். ஒவ்வொரு ஃபிரேமிலும் கீஃபிரேம் போடாதீர்கள். கை மேலே போய்த் திரும்புகிற இடம், கால் தரையில் பதிகிற இடம் என அசைவு திசை மாறும் ஃபிரேம்களில் முதலில் போடுங்கள். நடுவில் இருப்பதைக் கம்ப்யூட்டர் நிரப்பும். அது தவறுகிற இடத்தில் மட்டும் நீங்கள் கை வையுங்கள். முடித்தபின் ஓட்டிப் பாருங்கள். ஒரு ஃபிரேமை நிறுத்திப் பார்த்தால் பிரமாதமாகத் தெரியும் ஓரம், ஓடும்போது நடுங்கும், ஜிட்டர் அடிக்கும். தியேட்டரில் யாரும் படத்தை நிறுத்திப் பார்ப்பதில்லை. ஓடும்போது எப்படி இருக்கிறது என்பதே அளவுகோல்.

வேகமாக வீசும் கையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சினிமா கேமராவில் 24 ஃபிரேமுக்கு ஒரு ஃபிரேமின் வெளிச்சம் விழும் நேரம் வழக்கமாக விநாடியில் 48இல் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் கை நகர்ந்த தூரம் முழுதும் மங்கலாகப் பதியும். கோட்டை எங்கே போடுவது? மங்கலின் வெளி எல்லையில் அல்ல, உள் எல்லையிலும் அல்ல, நடுவில். பிறகு ரோட்டோ நோடிலேயே மோஷன் பிளரைப் போட்டு, நிஜ மங்கலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இந்த நுட்பம் பிடிபட்ட பையனையோ பெண்ணையோ எந்த மேற்பார்வையாளரும் ஒரே ஷாட்டில் கண்டுகொள்வார்.

அடுத்தது கிரீன் மேட், பச்சைத் திரையிலிருந்து ஆளைப் பிரிக்கும் கீ வேலை. இதிலும் உள்ளே இருப்பது கழித்தல் கணக்குதான். 1959இல் வந்த 'பென் ஹர்' படத்துக்காக பெட்ரோ விளாஹோஸ் என்ற பொறியாளர் நிறங்களின் வித்தியாசத்தை வைத்து மாஸ்க் எடுக்கும் முறையை உருவாக்கினார். அப்போது நீலத் திரை. இன்று நாம் பயன்படுத்தும் கீயர்கள் பலவற்றின் மூலம் அங்கே இருக்கிறது. திரைத் துணியின் ஒரு பிக்சலை எடுங்கள்: சிவப்பு 0.15, பச்சை 0.6, நீலம் 0.2. பச்சையிலிருந்து மற்ற இரண்டில் பெரியதைக் கழித்தால் 0.4. இது முழுத் திரை. முகத்தின் பிக்சல்: 0.6, 0.4, 0.3. பச்சையிலிருந்து சிவப்பைக் கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. ஆக, திரை துளியும் இல்லை, முழு உருவம். இப்போது முடியின் ஓரம். கருமுடி 0.1, 0.08, 0.06. ஒரு பிக்சலில் பாதி முடியும் பாதி துணியும் கலந்திருந்தால் கிட்டத்தட்ட 0.125, 0.34, 0.13. கழித்தால் 0.21. முழுத் திரையின் 0.4இல் இது ஏறக்குறையப் பாதி. பாதி முடி, பாதி துணி என்று கணக்கு தானே சொல்லிவிட்டது. முதன்முதலில் இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது. முடியை யாரும் வரையாமல், நிறமே முடியை அளந்து கொடுக்கிறது.

ஆனால் மாஸ்க் கிடைத்ததோடு வேலை முடியாது. பச்சைத் துணியில் பட்ட வெளிச்சம் திரும்பி நடிகர்மேல் விழும். ஸ்பில் என்போம். கூந்தலில் மல்லிகைச் சரம் வைத்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பூ என்பதால் அந்தப் பச்சையை முழுசாக வாங்கிக்கொள்ளும். பின்னணியை மாற்றியதும் பூ பாசி பிடித்தது போல நிற்கும். சரி, பச்சை அளவுக்கு மீறினால் வெட்டு என்று ஒரு விதி போடுகிறோம். சிவப்பு, நீலம் இரண்டின் சராசரியைப் பச்சை தாண்டக் கூடாது என்று வைத்தால் மல்லிகை வெள்ளையாகிவிடும், சந்தோஷம். உடனே கீழே பாருங்கள். அவள் கட்டியிருக்கும் புடவை மஞ்சள்: 0.9, 0.8, 0.2. சராசரி 0.55. பச்சை 0.8லிருந்து 0.55க்கு இறங்க, மஞ்சள் புடவை ஆரஞ்சாகிவிட்டது! காஸ்ட்யூம் டிசைனர் அடிக்க வருவார். சிவப்பைத் தாண்டக் கூடாது என்று விதியை மாற்றினால் 0.8 அப்படியே தப்பிக்கும், புடவை பிழைக்கும். ஆகவே பூவுக்கு ஒரு விதி, புடவைக்கு ஒரு விதி, நடுவே ஒரு ரோட்டோ. ஒரே கீயர், ஒரே பட்டன், முழு ஷாட்டும் முடிந்தது என்று காட்டும் பயிற்சி வீடியோக்களை நம்பாதீர்கள். முகத்துக்கு ஒன்று, முடிக்கு ஒன்று, காலடி நிழலுக்கு ஒன்று என்று நாலைந்து கீக்களைச் சேர்த்துத்தான் ஒரு நிஜ ஷாட் முடியும்.

உருவத்தைப் பின்னணியில் உட்கார வைப்பது பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், இதை ஷாட்டின் முன் உட்கார்ந்துதான் கற்க முடியும். முதலில் கறுப்பைப் பொருத்துங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தேனிப் பக்கமிருந்து பார்த்தால், தூரத்து மலையின் இருண்ட பகுதிகூடக் கறுப்பாக இருக்காது. நீலம் கலந்த சாம்பலாகத் தூக்கி நிற்கும். அங்கே ஒரு கோபுரத்தை வைத்து, அதில் அட்டைக்கரிக் கறுப்பு இருந்தால் அது மலைக்குப் பக்கத்தில் இருக்காது, உங்கள் மூக்கின் முன் இருக்கும். வியூவரின் காமாவைத் தூக்கிப் பார்த்தால் பொருந்தாத கறுப்பு தானே காட்டிக்கொடுக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு சேனலாகப் பிரித்துப் பாருங்கள். படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் கிரெய்ன் பெரும்பாலும் நீல சேனலில்தான் அதிகம். அதை அளந்து உங்கள் உருவத்துக்கும் அதே அளவு போடுங்கள். பிறகு, லீனியர் வெளிச்சத்தில், அதாவது வெளிச்சம் இருமடங்கானால் எண்ணும் இருமடங்காகும் முறையில், வேலை செய்யப் பழகுங்கள். திருவிழாவுக்குக் கட்டிய சீரியல் விளக்குகளை அவுட் ஆஃப் ஃபோகஸ் ஆக்க வேண்டும் என்றால், சாதாரண முறையில் பிளர் போட்டால் விளக்குகள் சாம்பல் வட்டமாகச் செத்துப்போகும். லீனியரில், ஒன்றுக்கு மேற்பட்ட வெளிச்ச மதிப்பையும் தாங்கும் ஈஎக்ஸ்ஆர் கோப்பில் செய்தால் அதே விளக்கு தகதகவென்று பூத்து நிற்கும். ஐஎல்எம் என்ற ஹாலிவுட் விஎஃப்எக்ஸ் நிறுவனம் தனக்காக உருவாக்கி 2003இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட கோப்பு வகை அது.

இன்னொன்று, எதையும் சேர்ப்பதற்கு முன் நீக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 1994இல் வந்த 'காதலன்' படத்தில் பிரபுதேவாவின் உடம்பு மறைந்து தொப்பியும் சட்டையும் ஷூவும் தனியே ஆடிய பாட்டை உங்கள் அப்பா அம்மா வாய் பிளந்து பார்த்திருப்பார்கள். அந்தப் படத்துக்காக எஸ்.டி.வெங்கிக்குச் சிறப்பு விளைவுகளுக்கான தேசிய விருது கிடைத்தது. அதுமாதிரி ஒரு காட்சியைச் செய்யப்போகிறவர் யோசிக்க வேண்டியதைப் பாருங்கள். தலையை அழித்துவிட்டால் அதன் பின்னால் இருந்த சுவர் வேண்டும். அது மட்டும் போதாது, சட்டைக் காலரின் உட்புறமும் வேண்டும். கழுத்து மறைத்திருந்ததால் அந்த உட்புறத்தைக் கேமரா பார்த்ததே இல்லை. அதை நாம்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். 2016இல் ஆஸ்கர் வாங்கிய 'எக்ஸ் மகினா' படத்திலும் இதே பாடம்தான். இயந்திரப் பெண்ணாக நடித்தவரைப் பச்சைத் திரை முன் நிறுத்தவில்லை. நிஜ அரங்கில் நடிக்கவிட்டு, அதே கேமரா அசைவில் வெறும் அரங்கையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். முகமும் கையும் அவருடையது. மற்ற இடங்களில் அவரை அழித்து, இயந்திரத்தையும் அதன் இடுக்குகளில் தெரியும் பின்னணியையும் வைத்தார்கள். அந்த ஆண்டு அது வென்றது 'மேட் மேக்ஸ்', 'ஸ்டார் வார்ஸ்' போன்ற பெரும் படங்களை. அந்தப் படத்தின் விஎஃப்எக்ஸ் வேலையில் பெரும்பங்கு டிநெக் நிறுவனத்துடையது. அந்த நிறுவனத்துக்குச் சென்னையிலும் ஸ்டுடியோ இருக்கிறது. இந்த நீக்கும் வேலையைப் பழக, உங்கள் முதல் சொந்த ஷாட்டில், ஓடும் தெருவிலிருந்து ஒரு மின்கம்பத்தை அழியுங்கள். கம்பத்தின் முன்னால் ஒரு சைக்கிள் போகட்டும். யாரும் பார்த்து ஆச்சரியப்படாத ஷாட்டாக அது வந்தால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

பயிற்சி வீடியோக்கள் பற்றி ஒரு வார்த்தை. அவர் அமுக்கிய பட்டனை நீங்களும் அமுக்கி, அவருக்கு வந்த படம் உங்களுக்கும் வந்தால் அது கற்றதாகாது. வீடியோவை மூடிவிட்டு, வேறு பிளேட்டில் அதையே செய்து பாருங்கள். வராது. ஏன் வரவில்லை என்று தேடும் நேரத்தில்தான் பாடம் நடக்கிறது. ஆங்கிலம் தடையாக இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: இந்தத் தொழிலில் வேண்டிய ஆங்கிலச் சொற்கள் நூறு இருநூறு இருக்கும், அவை நாக்கில் பழகிவிடும். அதற்காகத் தயங்கி நிற்காதீர்கள்.

பெற்றோர் கேட்கக் காத்திருக்கும் கேள்வி, இதில் பிழைப்பு உண்டா என்பது. உண்டு. ஆனால் மறைக்காமல் சொல்ல வேண்டும், இது ஏற்ற இறக்கம் மிகுந்த தொழில். புதுச்சேரியில் தொடங்கும் கதை 'லைஃப் ஆஃப் பை'. அந்தப் படத்தில் வரும் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம், 2013 பிப்ரவரியில் ஆஸ்கர் வாங்கிய அதே மாதத்தில் திவால் மனு கொடுத்தது. 2025 பிப்ரவரியில் விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோக்களை நடத்திய டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரில் இருந்தவர்களும் வேலை இழந்தார்கள். படிப்பு முடிந்ததும் வேலை உறுதி என்று எழுதிக்கொடுத்து லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் பயிற்சி மையங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பணம் கட்டும் முன், பிள்ளை இலவச சாப்ட்வேரில் ஒரே ஒரு ஷாட்டை முழுதாக முடித்துக் காட்டட்டும். முடிக்கும் பொறுமை இருந்தால் மேலே படிக்க வையுங்கள்.

செயற்கை நுண்ணறிவு ரோட்டோவை விழுங்கிவிடாதா என்று மாணவர்கள் கேட்கிறீர்கள். ரிசால்வில் ஆளைத் தானே பிரித்தெடுக்கும் மேஜிக் மாஸ்க் இருக்கிறது. நியூக்கில் 2021 முதல், நாம் செய்து காட்டிய சில ஃபிரேம்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் காப்பிகேட் இருக்கிறது. எளிய ரோட்டோ வேலைகள் குறையும், இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இயந்திரம் தரும் மாஸ்க்கிலும் விரல் இடுக்கிலும் முடியிலும் ஜிட்டர் வருகிறது. அதைக் கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும் ஓரம் பழகிய கண் வேண்டும். அந்தக் கண் இல்லாமல் பட்டன் மட்டும் தெரிந்தவர்களுக்குத்தான் ஆபத்து.

கடைசியாக, சென்னை ஸ்டுடியோக்களிலிருந்து வந்திருக்கும் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு சாப்ட்வேர் கிடைத்துவிட்டது, பிளேட் கிடைத்துவிட்டது, வீடியோவுக்கும் பஞ்சமில்லை. செய்ததைப் பார்த்து, "இந்த ஓரம் சரி, இது சரியில்லை, காரணம் இது" என்று தமிழில் சொல்ல ஆள் மட்டும்தான் கிடைக்கவில்லை. உங்களை இப்படிப் பார்த்துச் சொல்லி வளர்த்தவர் ஒருவர் கட்டாயம் இருந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஆளுக்கு ஒரு மாணவரின் ஷாட்டைப் பாருங்கள். உங்கள் பெயரையும் வசதியான நேரத்தையும் வெளியே போகும்போது துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.